ஒரு துளிப் பச்சை

கியோட்டோ நகரத்தில் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஒரு நாள் மாலை அவள் பச்சைத் தேயிலைப் பொடி போட்டுப் பிஸ்கோத்துச் செய்தாள். அவளுக்கு எத்தனையோ ஒத்தாசை செய்திருக்கும் பக்கத்து வீட்டுக் கிழவி அம்மாளுக்குக் கொடுப்பதற்காக. தட்டை அடுப்பிலிருந்து எடுத்ததும் அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே போகும்போது இளந்தளிர் மாதிரி இருந்தவை, வெளியே வரும்போது காய்ந்த வேப்பிலை மாதிரி இருந்தன.

"இதற்கு ஏன் கவலை? அடுத்த தட்டில் ஒரு துளிப் பச்சைச் சாயம் விட்டுவிடு. யாருக்குத் தெரியப் போகிறது?" என்றேன்.

தவறாக ஏதோ சொல்லிவிட்டதாக அப்போது நான் நினைக்கவில்லை. இப்போதும் முழுக்க நினைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பச்சை சும்மா வருவதல்ல. கியோட்டோவை அடுத்த உஜியில், கொழுந்து பறிப்பதற்கு முன் 20 நாட்களுக்குக் குறையாமல் செடிகளை வெயில் படாமல் மூடி வைக்கிறார்கள். முன்பெல்லாம் நாணல் தட்டியும் வைக்கோலும்; இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைத்துணி. வெளிச்சம் போதாத இலை, கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் பிடித்துக்கொள்ளப் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்கிறது. பறித்த இலையை ஆவியில் வாட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல்லில் அரைக்கிறார்கள். ஒரு கல் ஒரு மணி நேரம் சுற்றினால் கிடைப்பது ஏறக்குறைய 40 கிராம். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் கெட்டுவிடும். கல்லின் சூட்டுக்கே பயந்து காப்பாற்றிய பொடியை நாம் அடுப்புக்குள் தள்ளுகிறோம்! பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் சூட்டில் கழன்றுபோக, பச்சை பழுப்பாகிறது.

ஆகவே என் வாதம் இது: நெருப்பு பறித்துக்கொண்டதைத்தானே சாயம் திருப்பிக் கொடுக்கிறது? இல்லாததை உண்டாக்கினால் பொய். இருந்ததைத் திருப்பி வைத்தால் அது எப்படிப் பொய்யாகும்?

தங்கை மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "பச்சையைப் பார்த்ததும் நல்ல பொடி என்று அந்த அம்மாள் நினைப்பாள், அண்ணா. பழசாகிப்போன பொடியை வைத்திருக்கிறவனும் இதே துளியைத்தான் விடுவான்."

நான் பேச்சை மாற்றும் உத்தேசத்துடன், படித்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன். ரிக்யூ என்ற தேநீர் ஆசானுக்காகச் சோஜிரோ என்ற குயவர் கறுப்புக் கிண்ணங்கள் செய்தார்; அந்தக் கறுப்புக்குள் தேநீரின் பச்சை தானாகவே தெரியும். ஆசானின் எஜமானர் ஹிடெயோஷியோ 1586-ல் பொன் தகடு வேய்ந்த தேநீர் அறையே வைத்துக்கொண்டார். 1591-ல் அதே எஜமானரின் கட்டளைப்படி ரிக்யூ தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பேச்சு மாறவில்லை. "அப்பா கதையிலும் நீ அப்படித்தானே செய்தாய்?" என்றாள் தங்கை.

ஆறு வருஷத்துக்கு முன் எழுதிய கதை. சாகும் தறுவாயில் தகப்பனார் மகனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அழுதுவிட்டதாகப் பல வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். உண்மையில் அப்பா என்னைக் கூப்பிடவில்லை. "பால் வந்துவிட்டதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கட்டிலருகே நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

கதை என்றால் கற்பனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பிஸ்கோத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆனால் அந்தக் கதையை அப்பாவின் படத்தோடு, அவருடைய நினைவு நாளையொட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்தவன் நான். அவருக்கு என்மேல் பிரியம் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. காகிதத்தில் அது வெளிறித் தெரிந்ததால் ஒரு துளி விட்டேன். இருந்ததைத்தான் திருப்பி வைத்தேன். ஆனால், அதற்குப் பிறகு, பால் வந்துவிட்டதா என்று கேட்ட அந்தக் குரல் எனக்கு ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. யோசித்துப் பார்த்தால் நான் எழுதிய குரல்தான் கேட்கிறது.

இரண்டாவது தட்டுக்குத் தங்கை அடுப்பின் சூட்டை 180 டிகிரியிலிருந்து 150-க்குக் குறைத்து, ஓரம் சிவக்கும் முன்பே எடுத்துவிட்டாள். பாசிப்பயறு நிறம் வந்திருந்தது. கிழவி அம்மாள் இரண்டு தின்றாள். குனிந்து வணங்கி, மீதியைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துப் போனாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கதை இப்போது ஒரு தொகுதியில் மறுபடி அச்சாகிறது. புரூப் என் மேஜைமேல் கிடக்கிறது. அந்த வரியை நான் இன்னும் தொடவில்லை.