வாய்க்கால் கரையிலிருந்து கொல்லிமலைக்கு

சுவாமிமலையில் மலை கிடையாது. முருகன் இருப்பது கட்டுமலை. தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகளை ஏறினால் சன்னிதி வந்துவிடும். அதை விட்டால் சுற்றிலும் வயல், வாய்க்கால், வாழைக் கொல்லை, ஆற்றுப் படுகை. ஆனாலும் தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், கைப்பிடியில் கியர் என்று மலைக்காகவே செய்த சைக்கிள்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பள்ளிக்கூடம், டியூஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொள்ளிடக் கரை என்று சில காலம் போகும். பிறகு ஓட்டுகிறவருக்கு ஆசை வரும். துறையூர்ப் பக்கம் போய்ப் பச்சமலை ஏறலாமா? காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்துவிடலாமா? தார் ரோட்டை விட்டு, கல்லும் வேருமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கலாமா?

அங்கேதான் கேள்வி. இருக்கிற சைக்கிளே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

கடைக்குப் போனால் பதில் ஸ்பிரிங்கில் தொடங்கும். முன்னால் ஒன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று, பார்க்கவே மிரட்டலாக இருக்கும். ஆனால் இந்த வகை சைக்கிள் பிறந்த கதை வேறு வரிசையைச் சொல்கிறது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய பழைய ஷ்வின் சைக்கிள்களை டமால்பைஸ் மலைப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் சரிவில் விட்டார்கள். அவற்றின் தடித்த டயர் கல்லைத் தாங்கியது. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்தான் தாங்கவில்லை. ஒரே இறக்கத்தில் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் காய்ந்து புகைந்தது, மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது அதனால்தான். பிறகு நல்ல பிரேக் மாட்டினார்கள், ஏறுவதற்குக் கியர் மாட்டினார்கள். ஜோ பிரீஸ், டாம் ரிட்சி போன்றவர்கள் மலைக்கென்றே பிரேம் செய்தது அதற்கப்புறம். ஸ்பிரிங் வைத்த முன் போர்க் பரவலாக வந்தது 1990-களின் தொடக்கத்தில்.

ஆக டயர், பிரேக், கியர், உட்காரும் நிலை, கடைசியில் ஸ்பிரிங். சைக்கிள் மண்ணைத் தொடும் இடத்தில் தொடங்கி மேலே போகும் இந்த வரிசையிலேயே நம் சைக்கிளையும் பார்த்துவிடலாம்.

டயரில் தொடங்குவோம். காவிரி டெல்டாவின் வண்டல் எவ்வளவு நைசானது என்பதற்கு உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளே சாட்சி. மெழுகில் செதுக்கிய நகக்கோடுகூட அச்சில் விழ வேண்டும் என்பதற்காக அவர்கள் முதலில் பூசுவது காவிரி வண்டலைத்தான். மெழுகின் நுண்ணிய கோட்டுக்குள் நுழையும் அந்த மண், டயர்ப் பல்லின் இடுக்கை மட்டும் விட்டுவைக்குமா? மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பிறகு, நனைந்த வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் போனாலே டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். இங்கே வேண்டியது பல்லுக்குப் பல் நல்ல இடைவெளி விட்ட, ரொம்ப அகலமில்லாத டயர். மலைப் பாதை வேறு. அங்கே பாறை, சரளை, வேர். பல் நெருக்கமாக இருக்கலாம், ஆனால் ஓரப் பல் தடிமனாக இருக்க வேண்டும். வளைவில் சைக்கிள் சாயும்போது தரையைப் பிடிப்பது அதுதான். 1.95 அங்குல டயர் இருந்தால், பிரேமிலும் போர்க்கிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு 2.2 வரை போகலாம்.

டயரை மாற்றுவதற்கு முன்னால், காசில்லாமல் மாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது: காற்று. நம் ஊர்க் கடைகளில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, கல்லு மாதிரி ஆகும் வரை அடித்துவிடுவார்கள். தார் ரோட்டுக்கு அது சரி. கல் பாதையில் அந்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், துள்ளுகிற டயருக்குப் பிடிப்பு கிடையாது. 65, 70 கிலோ எடையுள்ளவர் டியூப் போட்ட 2.1 அங்குல டயரில் முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். பின் சக்கரத்தில்தான் எடை அதிகம், அதனால் இந்த வித்தியாசம். ரொம்பவும் குறைத்தாலும் வம்பு. கல்லின் விளிம்பில் மோதும்போது டயர் ரிம் வரை நசுங்கி, நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். பஞ்சர் கடையில் தண்ணீர்ச் சட்டியில் அழுத்தினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குமிழ் வரிசை கிளம்பும், பாம்பு கடித்த தடம்போல. முள் குத்தினால் ஓட்டை ஒன்று, காற்று குறைந்து நசுங்கினால் பெரும்பாலும் இரண்டு. இரட்டை ஓட்டை விழுந்தால் 2, 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள். அதுதான் உங்கள் எடைக்கும் அந்தப் பாதைக்கும் உரிய கணக்கு.

அடுத்தது பிரேக். ஏறும்போது காலை நம்பலாம், இறங்கும்போது இரண்டு விரலைத்தான் நம்ப வேண்டும். டெல்டாவில் பிரேக்குக்குச் சோதனையே கிடையாது. குறுக்கே ஆடு வந்தால் ஒரு பிடி, அவ்வளவுதான். கொல்லிமலை இறக்கத்திலோ வளைவுக்கு வளைவு பிடிக்க வேண்டும். ரிம் பிரேக் என்றால் கட்டை ரிம்மில் முழுதாகப் படிகிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். கட்டையில் புதைந்திருக்கும் மணலை ஊசியால் நோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் அது ரிம்மை அரத்தைப் போட்டதுபோல் தேய்க்கும். ரிம்மில் கோட்டம் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் என்றால் பெரும்பாலும் கேபிள் டிஸ்க்காக இருக்கும். பேடின் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மாற்றிவிடுங்கள். புதுப் பேடை நேரே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆளில்லாத ரோட்டில் வேகமாகப் போய் நடை வேகத்துக்கு வரும்படி இருபது முப்பது தடவை பிடித்துப் பழக்க வேண்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடத் தெறிக்கக் கூடாது. எந்த லீவர் முன் சக்கரத்துக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வழக்கமாக வலது கை. வெளிநாட்டு வண்டிகள் சிலவற்றில் இடது கை. செங்குத்தான இறக்கத்தில் இந்தக் குழப்பம் வந்தால் ஆள் தலைகுப்புறப் போவார். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பலருடைய பழக்கம். அதில் சூடு இறங்க நேரமே கிடைப்பதில்லை. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும்.

கியர் கணக்கு கொஞ்சம் எண்ணோடு வருகிறது, பொறுமையாகப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, ஏற்றம் 100 மீட்டருக்கு 7 மீட்டர், வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்க மட்டும் 90 வாட் சக்தி வேண்டும். டயர் உராய்வையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். எந்தக் கியர் போட்டாலும் இந்தத் தேவை குறையாது. கால் எத்தனை முறை சுற்றி அதைக் கொடுக்கிறது என்பதுதான் மாறும். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண சைக்கிள் ஒரு மிதிச் சுற்றுக்கு 5.4 மீட்டர் போகும். அதில் நிமிடத்துக்கு 18 சுற்றுதான் வரும். அத்தனை மெதுவாக அவ்வளவு பாரத்தை அழுத்தினால் முட்டி கழன்றுவிடும். 26 அங்குலச் சக்கரமும் முன்னால் 24, பின்னால் 28 பல்லும் உள்ள கியர் சைக்கிளில் ஒரு சுற்றுக்கு 1.77 மீட்டர், நிமிடத்துக்கு 56 சுற்று. பின்னால் 34 பல் உள்ள பிரீவீல் போட்டால் 68 சுற்று. கால் சோராமல் சுழல்வது இந்த அளவில்தான். அதனால் மலைக்கு முதல் செலவு பிரீவீலாக இருக்கலாம். செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டிரெயிலர் 34 பல்லைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள், செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும்.

சமவெளிக்காரர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மிக லேசான கியரை இங்கே யாரும் போடுவதே இல்லை, அதனால் அதில் கோளாறு இருந்தாலும் தெரியாது. மலையில் முதன்முறையாக அதைப் போடும்போது, டிரெயிலரின் எல்லைத் திருகு சரியாக இல்லையென்றால் செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழும். டிரெயிலரும் போகும், சக்கரமும் போகும். வீட்டிலேயே பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு கொள்ளிடக் கரையில் வண்டி ஏறும் சரிவு ஒன்றில் பாரத்தோடு பாருங்கள். செயினையும் அளந்துவிடுங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

உட்காரும் நிலைக்கு வருவோம். ஏற்றத்துக்கு சீட் உயரமாக வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் அளவு. இறக்கத்தில் அதே உயரம் ஆபத்து. பின்னால் சாய விடாமல் சீட் முட்டும். 5 முதல் 7 சென்டிமீட்டர் இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது சீட் குழாயில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கக் கூடாது, குழாயோ பிரேமோ உடையும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் 90 மில்லிமீட்டர் இருந்தால் 60-க்கு மாற்றலாம். உடல் எடை கொஞ்சம் பின்னுக்கு வந்து இறக்கத்தில் தைரியம் கூடும். மெதுவாகப் போகும்போது விழாமலிருக்கும் பழக்கத்துக்கு மலையே தேவையில்லை. அறுப்பு முடிந்த வயலின் வரப்பில் ஓட்டினால் போதும்.

கடைசியில்தான் ஸ்பிரிங். 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மவுண்டன் பைக் போட்டி நடந்தது. அந்தத் தரத்தில் நடக்கும் கிராஸ் கன்ட்ரி பந்தயங்களுக்கே போர்க் அமுங்கும் தூரம் 100 முதல் 120 மில்லிமீட்டர்தான். நம் வண்டியில் இருப்பதும் பெரும்பாலும் 80 அல்லது 100. தூரம் போதும், சரியாக அமுங்குகிறதா என்பதே கேள்வி. போர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு நூலைக் கட்டி ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அலுங்காமல் ஏறி உட்கார்ந்து, அதேபோல் இறங்குங்கள். 100 மில்லிமீட்டர் போர்க்கில் நூல் 20 முதல் 25 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் சரி. அசையவே இல்லையென்றால் மேலே உள்ள குமிழைத் தளர்த்துங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் உள்ளே துரு ஏறியிருக்கும், பிரித்துக் கிரீஸ் வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்து சில தடவை மலைக்குப் போய் வந்த பிறகு, எது இடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பின் அச்சு அடிக்கடி வளைகிறதா? பிரீவீல் வகை ஹப்பில் அந்தப் பக்கத்து பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சுக்குத் தாங்கல் குறைவு. கேசட் வகை ஹப் உள்ள வண்டி பாருங்கள். நீண்ட இறக்கத்தில் விரல் மரத்துப் போகிறதா? ஹைட்ராலிக் டிஸ்க் வேண்டும். கல்லுக்குக் கல் சக்கரம் மாட்டுகிறதா? 29 அங்குலம் சுலபமாக ஏறித் தாண்டும், ஆனால் உயரம் குறைந்தவர்கள் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒன்றை மட்டும் தைரியமாக ஒதுக்கலாம்: பத்துப் பதினைந்தாயிரத்துக்கு வரும் டபுள் சஸ்பென்ஷன். பின் ஸ்பிரிங் மிதிக்கும் சக்தியைத் தின்னும், எடை கூடும். அந்த விலைக்குள் ஸ்பிரிங் வைத்த காசைத் தயாரிப்பாளர்கள் மிச்சம் பிடித்திருப்பது பிரேக்கிலும் ஹப்பிலும்தான். மலையில் முதலில் கைவிடுவதும் அவைதான்.