மூச்சும் பெயரும்

ஒரு பொருளின் மேல் யாருடைய பெயர் இருக்க வேண்டும்? நினைத்தவனுடையதா, செய்தவனுடையதா, பணம் கொடுத்தவனுடையதா? கண்ணாடி ஊதும் தொழிலில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மற்றத் தொழில்களில் மனிதன் கையைக் கொடுக்கிறான். இதில் மூச்சையும் கொடுக்கிறான்.

ஆயிரம் பாகை தாண்டிய உலையிலிருந்து உருகிய கண்ணாடியை இரும்புக் குழலின் நுனியில் எடுத்து, ஓயாமல் உருட்டிக்கொண்டே ஊத வேண்டும். குழலிலிருந்து பிரித்ததும் ஊதிய காற்று போய்விடும். அது நின்ற இடம் மட்டும் பாத்திரமாக மிஞ்சும்.

14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் மம்லூக் சுல்தான்கள் பள்ளிவாசல்களுக்குக் கண்ணாடி விளக்குகள் செய்வித்தார்கள். பலவற்றில் ஸூரா அந்நூரின் 35ஆம் வசனம் எழுதப்பட்டிருக்கிறது. இறை ஒளிக்குக் கண்ணாடியினுள் எரியும் விளக்கை உவமை சொல்லும் வசனம் அது. அதன் கீழே சுல்தானின் பெயர். ஊதியவன் பெயர் மிக அரிது. இன்றைய பிரோசாபாத் கண்ணாடியையும் நாம் ஊர்ப்பெயரால்தான் அறிகிறோம்.

1962இல் அமெரிக்காவின் டொலிடோவில் ஹார்வி லிட்டில்டன் சிறிய உலையொன்றுடன் பட்டறை நடத்தினார். கற்பனை செய்தவனே ஊதவும் செய்தான். பெயரும் மூச்சும் ஒன்றாயின. ஆனால் அவருடைய மாணவர் டேல் சிஹூலி 1976இல் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1979இல் தோளும் பழுதாகியது. அதன்பின் அவர் வழிநடத்த, ஒரு குழு ஊதியது. மீண்டும் பெயர் ஒருவருக்கு, மூச்சுப் பலருக்கு.

லிங்கநகரில் எங்கள் வீட்டில் பழைய லாம்புச் சிமினி ஒன்று இருக்கிறது. யுத்த காலத்தில் மின்சாரமில்லாத இரவுகளில் அதன் வெளிச்சத்தில்தான் ஓதினோம், படித்தோம். செய்தவன் பெயர் அதிலும் இல்லை. அதனால் வெளிச்சம் குறையவில்லையே என்று சொல்லலாம். மூச்சே அல்லாஹ் தந்த அமானிதம், அதற்கு மேல் பெயர் எதற்கு என்றும் கேட்கலாம்.

இரண்டும் அழகான பேச்சுகள்தாம். ஆனால் அவற்றைச் சொல்லும் உரிமை வெளிச்சத்தை அனுபவித்தவனுக்கு இல்லை என்றே எனக்குப் படுகிறது. "பெயர் வேண்டாம்" என்று ஊதியவன் சொன்னால் அது இஹ்லாஸ். அவனிடம் கேளாமல் நாம் சொன்னால், அது பறிப்பு.