பேரிகையின் ஓசையும் ஹெட்செட்டின் காலடியும்

தொலைவில் பேரிகை முழங்கும்போது, கேட்பவர் அந்த ஓசையைத் தம் காதுக்குள் கேட்கிறாரா, பேரிகை இருக்கும் இடத்தில் கேட்கிறாரா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் சளைக்காமல் வாதிட்ட கேள்வி. புலன் தன் பொருளைத் தொட்டே அறியும் என்ற கொள்கைக்குப் 'பிராப்யகாரி' வாதம் என்று பெயர். அதை விடாப்பிடியாகக் கொண்ட நியாய மரபினர், பேரிகையில் பிறந்த முதல் ஓசை அங்கேயே மறைய, அது பிறப்பித்த அடுத்த ஓசை, அதற்கும் அடுத்தது என்று நீரலையைப் போலவோ, எல்லாப் பக்கமும் ஒருசேர விரியும் கடம்பம்பூவைப் போலவோ தொடர் நீண்டு, செவிக்குழிக்குள் பிறக்கும் கடைசி ஓசையே கேட்கப்படுகிறது என்றார்கள். காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்தர் திக்நாகர், புலன் தொட்டுத்தான் அறிகிறது என்றால் நடுவே கிடக்கும் இடைவெளியை அது எப்படி அறிந்தது என்று மடக்கினார். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த 17-ஆம் நூற்றாண்டு அத்வைதி தர்மராஜ அத்வரீந்திரரோ, தம் 'வேதாந்த பரிபாஷை'யில், கண்ணைப் போலவே செவிப்புலனும் பொருள் இருக்கும் இடத்துக்கே போகிறது என்றார். இல்லையேல் வழிநெடுகக் கணக்கற்ற ஓசைகள் பிறப்பதாகக் கற்பிக்க நேரும், அதோடு 'பேரிகையின் ஓசையைக் கேட்டேன்' என்னும் அனுபவத்தையே பிழையென்று தள்ள நேரும் என்பது அவர் எழுப்பிய தடை.

இயற்பியல் ஏறக்குறைய நியாய மரபினர் பக்கம் சாய்ந்துவிட்டதால், புலன் வெளியே பயணம் போகிறது என்று இன்று எவரும் வாதிடப்போவதில்லை. ஆனால் அத்வரீந்திரரின் இரண்டாவது தடை அசையாமல் நிற்கிறது: கேட்பது காதில், கேட்டதாக உணர்வது 'அங்கே' என்றால், அந்த 'அங்கே' அறிவா, மயக்கமா? இதைச் சோதிக்க, பழைய உரையாசிரியர்களுக்குக் கிடைக்காத ஓர் எடுத்துக்காட்டு, கணினியில் போட்டித் துப்பாக்கி விளையாட்டு ஆடுவோரின் தலைமேல் ஹெட்செட்டாக இருக்கிறது. பேரிகையைப் பொறுத்தவரை ஓசை அங்கிருந்து புறப்பட்டது என்றாவது சொல்லலாம்; ஹெட்செட்டிலோ, காதை ஒட்டிய இரண்டு சிறிய ஒலிவாய்களைத் தவிர ஓசை புறப்பட்ட இடம் என்று எதுவும் இல்லை.

இருந்தும் ஆட்டக்காரர் எதிரியின் காலடியை இடப்பக்கம், சற்றுப் பின்னால் என்று கேட்டுத் திரும்புகிறார். 1907-இல் ராலே பிரபு விளக்கியபடி, பக்கவாட்டிலிருந்து வரும் ஓசை ஒரு காதை முந்தியும் மற்றதைப் பிந்தியும் அடைகிறது. இந்த வேறுபாடு மிஞ்சிப்போனால் 0.7 மில்லிநொடி அளவே. பழகிய செவியோ அதில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கைக்கூடப் பிரித்தறியும். உயர் அதிர்வெண்களில் தலை ஓசையை மறைப்பதால் தொலைவான காதில் வலிமை குன்றுகிறது. விளையாட்டு நிரல் இந்த இரண்டு வேறுபாடுகளையும் கணக்கிட்டு ஊட்டிவிட்டால் இடம் வலம் கிடைத்துவிடும்.

சிக்கல் தொடங்குவது மேல் கீழில்தான். 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' விளையாட்டில் 'நியூக்' என்ற வரைபடம் உண்டு; அதில் குண்டு வைக்கும் இரு தளங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேல்தளத்தில் பதுங்கியிருப்பவருக்கு நேர் கீழே ஒரு காலடி விழுந்தாலும், தலைக்கு மேலுள்ள பாலத்தில் விழுந்தாலும், இரண்டு காதுகளையும் ஓசை ஒரே நேரத்தில், ஒரே வலிமையில்தான் அடையும். அங்கே உதவுவது காதுமடல். அதன் மேடுபள்ளங்கள் திசைக்குத் திசை சில அதிர்வெண்களை மட்டுப்படுத்தியும் சிலவற்றைத் தூக்கியும் ஓசைக்கு ஒரு சாயம் ஏற்றுகின்றன. தலையும் மடலும் தோளும் சேர்ந்து ஏற்றும் அந்தச் சாயத்தை ஒவ்வொரு திசைக்கும் அளந்து வைத்த கணிதத் தொகுப்பே 'எச்.ஆர்.டி.எஃப்.' எனப்படுவது. 2016-இல் அது அந்த விளையாட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் அளக்கப்பட்ட காது ஆட்டக்காரருடையது அன்று. இத்துறையில் பெரிதும் புழங்கும் அளவைகளுள் ஒன்று, 1994-இல் எம்.ஐ.டி.யில் 'கெமார்' என்ற பொம்மைத் தலையில் எடுக்கப்பட்டது. ஆகவே இவ்வகை விளையாட்டில் துல்லியமான திசையொலி என்று பேசும்போது, இன்னொருவர் காதை, சில வேளை உயிரே இல்லாத ஒன்றின் காதை, இரவல் வாங்கிக் கேட்பதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

முன்னா பின்னா என்ற ஐயமும் இவ்வகையினதே. 1940-இல் ஹான்ஸ் வாலாக் காட்டியபடி, இயற்கையில் அதைத் தீர்ப்பது தலையைச் சற்றே திருப்பும் அசைவு. விளையாட்டில் தலை அசையாது. மவுஸைப் பிடித்த கை அசைய, உலகம் திரும்புகிறது. கழுத்தின் வேலையைக் கை செய்கிறது என்பதையும், மூளை இந்தப் பதிலியை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் அத்வரீந்திரர் அறிந்திருந்தால், புலன் வெளியே போவதாகச் சொன்னதை இன்னும் சற்று யோசித்திருப்பார்.

இப்படி உண்டாகும் 'அங்கே'யை மயக்கம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தியின் மணி (ரத்தினம்) உவமை அதற்கு இடம் தராது. ஒருவன் மணியின் ஒளியைக் கண்டு அதையே மணி என்று எண்ணி ஓடுகிறான். இன்னொருவன் விளக்கின் ஒளியைக் கண்டு அப்படியே எண்ணி ஓடுகிறான். இருவர் எண்ணமும் பிழைதான், ஆனால் முதல்வனுக்கு மணி கிடைக்கிறது. பொருளோடு தொடர்புடைய பிழை, செயலில் பயன் தருவதால், அளவையாக, அதாவது சரியான அறிவுக்கு வழியாக, நிற்கும் என்று அனுமானத்தைக் காக்க அவர் இதைச் சொன்னார். ஹெட்செட்டின் காலடி மணியின் ஒளி. எதிரியின் இருப்பிட எண்களிலிருந்தே அது கணக்கிடப்படுவதால், அதை நம்பித் திரும்பியவர் முன் எதிரி நிற்கிறார். விளக்கொளியும் இங்கே உண்டு. விளையாட்டே எச்.ஆர்.டி.எஃப். சாயம் ஏற்றி அனுப்பிய ஓசைமேல், விண்டோஸின் சுற்றொலி வசதியோ ஹெட்செட்டின் '7.1' மென்பொருளோ இரண்டாம் முறை சாயம் ஏற்றினால், ஓசை விரிந்து பிரமாண்டமாகக் கேட்கும், இடம் மட்டும் தப்பிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவற்றை அணைத்துவிட்டு வெறும் ஸ்டீரியோவில் விடுவது சிக்கனத்தால் அன்று. ஒரு காதுக்குமேல் இன்னொரு காதை மாட்டிக்கொள்ள முடியாது என்பதால்.

பயன் தந்தால் அளவை என்ற தீர்வும் ஓரிடத்தில் தடுமாறுகிறது. 16:9 திரையில் இந்த விளையாட்டு காட்டும் பார்வைப்பரப்பு கிடைமட்டமாகச் சுமார் 106 பாகை. 60 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் கண்ணில் 24 அங்குலத் திரை அடைப்பதோ 48 பாகைதான். திரையின் வலது ஓரத்தில் தெரியும் எதிரி விளையாட்டின் உலகில் 53 பாகையிலும், நாற்காலியில் இருப்பவரின் உலகில் 24 பாகையிலும் நிற்கிறார். காலடி எந்தத் திசையில் கேட்டால் துல்லியம்? 'கவுண்டர்-ஸ்ட்ரைக் 2' இந்தப் பிணக்குக்கென அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவையே வைத்து, முடிவை ஆட்டக்காரரிடம் விட்டுவிடுகிறது. திக்நாகர் கேட்ட இடைவெளி, இங்கே இரண்டு உலகங்களுக்கு நடுவே விழுந்திருக்கிறது.

இரவல் காது நாளடைவில் சொந்தமாகுமா என்பதற்கு ஓர் ஆய்வு விடைபோல ஒன்றைத் தருகிறது. 1998-இல் ஹாஃப்மன், வான் ஆப்ஸ்டல் குழுவினர் சிலரின் காதுமடல்களுக்குள் அச்சு வார்த்துப் பொருத்தி மடலின் வடிவத்தை மாற்றினார்கள். உடனே அவர்களுக்கு மேல் கீழ் தெரியாமல் போயிற்று; சில வாரங்கள் அதோடு நடமாடிய பின் திசை மெல்லத் திரும்பி வந்தது. அச்சுகளை எடுத்தபோது, பழைய காதை மறுபடி கற்க வேண்டிய தேவையே எழவில்லை. புதியதைக் கற்ற செவி பழையதையும் இழக்காமல் வைத்திருந்தது.