படிப்பதும் பணிவதும்

கடிதத்தைத் திறப்பது வாசகனின் செயல் என்றே நம்பி வந்திருக்கிறோம். திறந்தபின் நம்பலாம், கிழித்துப் போடலாம், பதில் எழுதாமல் இருந்துவிடலாம். உள்ளே இருப்பது நம் மனசைக் கலைக்கும், பீரோவைத் திறக்காது.

2023 அக்டோபரில் ரவுண்ட்க்யூப் என்ற மின்னஞ்சல் மென்பொருள் வழியாக ஐரோப்பிய அரசு அலுவலகங்கள் சிலவற்றுக்கு வந்த கடிதங்கள் வேறு வகை. எதையும் சொடுக்க வேண்டியதில்லை. உலாவியில் கடிதம் திறந்தால் போதும். படம் போல உள்ளே பொதிந்திருந்த ஒரு துணுக்கை மென்பொருள் சரியாகச் சலிக்கவில்லை. அது நிரலாக இயங்கி, பெட்டியிலிருந்த மற்றக் கடிதங்களை வெளியே கடத்தியது.

என் கௌண்டருக்குச் செக்கும் வருகிறது, கடிதமும் வருகிறது. செக் ஓர் உத்தரவு; கையெழுத்து ஒத்துப்போனால் பணிந்தாக வேண்டும். கடிதம் படிப்பதற்கு மட்டும். இரண்டும் வேறு காகிதம். உலாவிக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. படிக்கவேண்டிய எழுத்தும் பணியவேண்டிய ஏவலும் ஒரே பக்கத்தில், ஒரே ஆவணத்தின் பகுதிகளாக வருகின்றன. அந்நியனின் வரி சல்லடை தாண்டிவிட்டால், அஞ்சல் தளமே பேசுவதாக உலாவி எடுத்துக்கொள்கிறது. பிறகு அதற்கு எல்லா அதிகாரமும் உண்டு.

இந்த நிலையில் 'ஜாக்கிரதையாகப் படித்திருக்கக் கூடாதா' என்று கேட்பது கேலிக்கூத்து. (உபதேசம் செய்வதில் நம் நிர்வாகங்களுக்குக் களைப்பே கிடையாது.) படிப்பதே குற்றமானால் பெட்டி எதற்கு?

பொறுப்பு செய்தவர்களிடம் போகிறது. செய்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம். ரவுண்ட்க்யூபுக்கு ஈசெட் நிறுவனத்தார் அக்டோபர் 12ந் தேதி தகவல் சொன்னார்கள். 14ந் தேதி திருத்தம் தயார். இதில் குறை சொல்ல அதிகமில்லை.

ஜிம்ப்ராவின் கதை சிக்கலானது. அதே வருஷம் ஜூன் கடைசியில் கிரீஸின் அரசு அலுவலகம் ஒன்றைக் குறிவைத்த தாக்குதலில் ஓட்டை தெரியவந்தது. ஜூலை 5ந் தேதி திருத்தத்தின் நிரல் கிட்ஹப்பில், யாரும் பார்க்கும்படி, போடப்பட்டது. உபயோகிப்பவர்களுக்கு எச்சரிக்கை 13ந் தேதி. முறையான வெளியீடு 25ந் தேதி. மாற்றிய வரியைக் கண்டவனுக்கு மாற்றுமுன் என்ன பிழை இருந்தது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. நிரலை அவ்வளவு நெருக்கமாகப் படிப்பவன் திருடன்தான். நம் விமர்சகர்கள் எவரும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

பகிரங்கமாகப் போட்டது தவறு என்று சொல்ல நான் தயாராயில்லை. மறைத்து வைத்திருந்தால், கிரீஸுக்கு வந்தவர்கள் தொடர்ந்து தனியாக அனுபவித்திருப்பார்கள். ஆனால் நிரல் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு 5ந் தேதியே காட்டிவிட்டு, கடிதம் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களை எட்டு நாள் காக்கவைத்ததற்கு என்ன நியாயம்? பாதிச் சொல்வது மௌனத்தைவிட மோசமாகும் இடம் இது. 11ந் தேதியிலேயே மால்டோவாவையும் டுனீஷியாவையும் தேடி அடுத்த கூட்டம் வந்துவிட்டது. 20ந் தேதி வியட்நாமுக்கு இன்னொன்று.

ஆகஸ்ட் 25ந் தேதி பாகிஸ்தானின் அரசு அலுவலகம் ஒன்றுக்கு வந்தார்கள். அப்போது திருத்தம் வெளியாகி ஒரு மாதம். அங்கே அதைப் போடாமல் விட்டிருந்தால் பழி மென்பொருள்காரனை விட்டு நிர்வாகியிடம் நகர்கிறது. தனக்கு வந்த கடிதத்திலிருந்த சுட்டியைச் சொடுக்கிய குமாஸ்தாவிடம் அப்போதும் வரவில்லை.