ஆவி வராத ஹாம்லெட்

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' அரண்மனையில் தொடங்குவதில்லை. நள்ளிரவில், கோட்டைக் காவலில் தொடங்குகிறது. தினமும் பீரங்கி வார்க்கிறார்களே, கப்பல் தச்சர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லையே, எதற்காக என்று காவலில் நிற்கும் ஒருவன் கேட்கிறான். ஆவடியில் வசிப்பவனுக்கு இது அந்நியமான கேள்வியல்ல. விஜயந்தாவிலிருந்து அர்ஜுன் வரை டாங்கிகள் செய்த ஊர் இது. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் இங்கே உண்டு. ஹொரேஷியோ ஏதோ பதில் சொல்கிறான். அதற்குள் ஆவி வந்துவிடுகிறது. பிறகு தச்சர்களைப் பற்றி நாடகத்துக்கு அக்கறையில்லை. போர் விளிம்புக்குப் போகிறது, ஒரு குடும்பத்தின் குற்றம் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விஷால் பரத்வாஜின் 'ஹைதர்' (2014) அந்த விளிம்பை நடுவுக்கு இழுக்கிறது. இடம் காஷ்மீர், வருஷம் 1995. தீவிரவாதத் தலைவன் ஒருவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரை ராணுவம் பிடித்துப் போகிறது, வீடு தகர்க்கப்படுகிறது. மகன் தேடி அலைகிறான். டென்மார்க் இளவரசனுக்குத் தகப்பன் செத்தது தெரியும், எப்படி என்பதுதான் சந்தேகம். ஹைதருக்குச் செத்தாரா என்பதே தெரியாது. சாவு நிச்சயமானால்தானே ஆவி வரமுடியும்? இங்கே செய்தி கொண்டுவருகிற ரூஹ்தார், சிறையில் டாக்டரோடு கிடந்த, உயிருள்ள மனிதன். காணாமற்போனவர்களின் மனைவியரை 'அரை விதவைகள்' என்றழைக்கும் மண்ணில் இந்த மாற்றத்தைத் தழுவலின் உத்தி என்று சொல்லிவிட முடியாது. யதார்த்தத்தின் நிர்ப்பந்தம் அது.

அடுத்த அடியில்தான் படம் சறுக்குகிறது. டாக்டரைக் காட்டிக் கொடுத்தவன் தம்பி குர்ரம். அண்ணிமேல் ஆசை, பதவிமேல் ஆசை. மூலத்துக்கு விசுவாசமாயிருக்க இது தேவை. ஆனால் அறத்தின் கணக்கில் நடப்பது வேறு: அரசின் செயலுக்கு ஒரு சித்தப்பனின் காமம் காரணமாகிவிடுகிறது. இப்படியொரு சித்தப்பன் இல்லாத வீடுகளிலும் ஆட்கள் காணாமற்போனார்கள். அங்கே யாரைப் பழிவாங்குவது?

கடைசியில் ஹைதர் அவனைக் கொல்லாமல் நடந்துவிடுகிறான். உயர்ந்த முடிவு. கொல்லாமல் விட மகனுக்கு உரிமையுண்டு. கேட்காமல் விட நமக்கு உண்டா?

பழைய துன்பியலில் விதி இருந்தது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நம் காலத்துப் போரில் உத்தரவு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பட்டறையும் சம்பளப் பட்டியலும் இருக்கின்றன. பட்டறையில் நிற்பவன் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவேண்டியவன் என்கிறேன். ஹாம்லெட்டைப் போர்ப்படமாக எடுக்க வருகிறவர், காவலன் கேட்டதற்குப் பதில் கிடைக்கும்வரை ஆவியைக் காக்க வைக்கட்டும்.