செல்லாத பட்டமும் பழியின் பங்கீடும்

பட்டம் என்பது ஒருவர் பெற்ற கல்வியைப் பற்றி ஒரு நிறுவனம் சமூகத்துக்கு அளிக்கும் சாட்சியம் ஆகும். ஊசி போடும் செவிலியரையோ, பாலத்துக்கு வரைபடம் வரையும் பொறியாளரையோ, வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரையோ நேரில் சோதித்தறியும் வாய்ப்பு பொதுமக்களுக்கு இல்லாததால், அச்சோதனையைத் தகுதியுள்ள வேறொருவர் முன்பே செய்து முடித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் தங்கள் உடலையும் உடைமையையும் பிள்ளைகளையும் பிறரிடம் ஒப்படைக்கின்றனர். சாட்சியம் சொல்லத் தகுதியற்ற நிறுவனம் வழங்கும் பட்டம் இந்த நம்பிக்கையைக் குலைக்கிறது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால், குலைந்த நம்பிக்கைக்கான பழியை யார் எந்த அளவுக்கு ஏற்க வேண்டும் என்ற வினாவுக்கு அத்தனை எளிதில் விடை சொல்லிவிட முடியாது. பட்டத்தை விலைக்கு வாங்கியவர், ஏமாந்து சேர்ந்தவர், ஏமாற்றி விற்றவர், தடுக்கக் கடமைப்பட்டிருந்தும் தடுக்காத அரசு ஆகிய நால்வரும் ஒரே அளவு குற்றம் உடையவர்கள் அல்லர். எனினும் நடைமுறையில் இழப்பு முழுவதும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகிறது.

இவ்வினாவை ஆராயுமுன், மக்கள் வழக்கில் ஒன்றோடொன்று கலந்துவிடும் மூன்று நிலைகளைப் பிரித்துக் காண்பது தேவை. முதலாவது, பட்டம் வழங்கும் சட்ட உரிமை. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனமும் மட்டுமே இந்தியாவில் பட்டம் வழங்க முடியும். இரண்டாவது, ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல். மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற தொழிற்கல்வித் துறைகளில் அந்தந்தத் துறைக்கான ஆணையமோ குழுவோ விதிக்கும் நிபந்தனைகளுக்கும் படிப்பு உட்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, தர மதிப்பீடு. 1994-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட 'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீட்டுக் குழு, ஏற்கெனவே சட்டபூர்வமாக இயங்கும் நிறுவனங்களை ஆய்வு செய்து அவற்றின் தரத்தை மதிப்பிடுகிறது. முதல் நிலையில் குறையற்றிருக்கும் ஒரு நிறுவனம், இரண்டாம் நிலையில் ஒப்புதல் பெறாத படிப்பொன்றை நடத்தக்கூடும். பல்கலைக்கழகம் உண்மையானதுதானா என்று மட்டும் பார்த்துச் சேரும் மாணவர், படிப்புக்கு ஒப்புதல் இல்லை என்பதைப் பணியில் சேரும்போதோ பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போதோதான் அறிகிறார்.

தர மதிப்பீடு தனியார் அமைப்புகளின் கையில் உள்ள அமெரிக்காவில் இக்குழப்பம் இன்னும் ஆழமானது. அங்கு மத்தியக் கல்வித் துறை, மதிப்பீட்டு அமைப்புகளை அங்கீகரிக்கிறது. அவ்வமைப்புகள் கல்லூரிகளை மதிப்பிடுகின்றன. இவ்வேற்பாட்டைப் பயன்படுத்திக்கொண்ட பட்ட வணிகர்கள், போலிக் கல்லூரியோடு சேர்த்துப் போலி மதிப்பீட்டு அமைப்பையும் தாங்களே உருவாக்கி, 'முழு அங்கீகாரம் பெற்றது' என்று விளம்பரம் செய்து வந்தனர். அங்கீகாரம் உண்டா என்று மாணவர் கேட்டால் மட்டும் போதாது, அதை வழங்கியவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தவர் யார் என்றும் கேட்க வேண்டிய நிலை இவ்வாறு உருவானது.

பட்டம் பெறுவோரிடையே குற்றத்தின் அளவைத் தீர்மானிப்பது அவர்களுடைய அறிவு, அதாவது அவர்கள் எதை அறிந்திருந்தார்கள், எதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது என்பதாகும். கராச்சியைச் சேர்ந்த 'ஆக்ஸாக்ட்' என்ற நிறுவனம், 300-க்கும் மேற்பட்ட இணையதளங்களில் இல்லாத பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் இருப்பனவாகக் காட்டி உலகெங்கும் பட்டங்களை விற்றதை, 2015 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' வெளிக்கொணர்ந்தது. பாடமோ ஆசிரியரோ தேர்வோ இன்றிச் சில நாட்களில் முதுகலைப் பட்டம் பெற்றுக்கொண்டவர், தாம் ஏமாற்றப்பட்டதாக முறையிட முடியாது. சமூகத்தை ஏமாற்றுவதில் அவர் விற்பனையாளரின் கூட்டாளி ஆகிறார். இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பவர், தம் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவர். விளம்பரத்தையும், வாடகைக் கட்டடத்தில் இயங்கும் படிப்பு மையத்தின் பெயர்ப் பலகையையும், ஊரில் மதிப்புள்ள இடைத்தரகரின் சொல்லையும் நம்பிப் பணம் கட்டி, உண்மையாகவே ஆண்டுக்கணக்கில் படித்துத் தேர்வெழுதிய அவரிடம் குற்ற எண்ணம் சிறிதும் இல்லை. கள்ள நோட்டென்று அறியாமல் கையில் பெற்றவரைத் தண்டிக்காத சட்டம், கள்ள நோட்டென்று அறிந்த பின்னும் அதைப் பிறரிடம் மாற்றுபவரைத் தண்டிக்கிறது. செல்லாத பட்டத்துக்கும் இந்த வேறுபாடே அடிப்படையாக அமைய வேண்டும். ஏமாந்தது குற்றமாகாது. எனினும், உண்மை தெரிந்த நாளிலிருந்து அப்பட்டத்தைத் தகுதியாகக் காட்டிப் பணியோ பட்டப் பெயரோ பெறுவது, முன்பு குற்றமற்றிருந்தவரையும் குற்றத்தில் பங்காளியாக்கும்.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, அறிய முடிந்தும் அறிய விரும்பாதவர்கள் இருக்கின்றனர். கலிபோர்னியாவின் பிளெசன்டனில் இயங்கிய டிரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டு மூடியபோது, அங்கு 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பதிவு செய்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் பல்கலைக்கழகத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள மாநிலங்களில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தபோதிலும், பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் மாணவர்களில் பெரும்பகுதியினர் ஒரே அடுக்ககத்தில் குடியிருப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. நிறுவனர் பின்னர் 16 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். விசா கிடைத்ததையே அங்கீகாரத்துக்குச் சான்றாகக் கொண்டு நம்பி வந்த மாணவர்களும் அங்கு இருந்தனர். வகுப்புக்குச் செல்லாமலே வேலை செய்யும் வசதிக்காகக் கேள்வி கேட்காமல் இருந்தவர்களும் இருந்தனர். ஆயினும் மாணவர்களில் சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டபோது, இவ்விரு வகையினரையும் பிரித்தறிய எவரும் பொறுமை காட்டவில்லை என்ற மனக்குறை இந்தியாவில் எழுந்தது. கேட்டால் கிடைக்கும் விடை தமக்குப் பாதகமாக இருக்கும் என்று ஐயுற்றுக் கேளாதிருப்பவருக்கு, அறியாமை முழு விலக்கு அளிக்காது. ஆனால் அவரையும் நம்பி வந்தவரையும் ஒரே தட்டில் வைக்கும் தண்டனை நீதியாகாது.

திறமை இருக்கும்போது சான்றிதழின் மூலத்தை ஏன் ஆராய வேண்டும் என்ற எதிர்வாதம் இவ்விடத்தில் எழுகிறது. இதன் வலிமையை 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட வழக்கு ஒன்று காட்டுகிறது. ஃபுளோரிடா மாநிலத்தின் சில செவிலியர் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தன. அவற்றை வாங்கியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர், தேசிய அளவிலான செவிலியர் உரிமத் தேர்வை உண்மையாகவே எழுதித் தேறியிருந்தனர். தேர்வில் தேறியவருக்குத் தகுதி இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், எழுத்துத் தேர்வு அளப்பது செவிலியர் அறிவின் ஒரு பகுதியை மட்டுமே. நோயாளியின் படுக்கையருகே மேற்பார்வையின்கீழ் செலவிட்ட பயிற்சி நேரத்தைத் தேர்வுத்தாள் அளப்பதில்லை; அந்நேரம் செலவிடப்பட்டது என்பதற்கு ஒரே சாட்சி பள்ளியின் சான்றிதழ்தான். திறமை உடையவராகவே இருப்பினும், நடக்காத பயிற்சியை நடந்ததாகச் சொல்பவர் நோயாளியின் ஒப்புதலைப் பொய்யின்மீது பெறுகிறார். மேலும், அப்பள்ளிகள் முறையான அங்கீகாரம் பெற்றிருந்தவை என்பது, அங்கீகாரம் என்ற ஒன்றே நேர்மைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதையும் உணர்த்துகிறது. இந்தியாவிலும் 2025 பிப்ரவரியில், சாதகமான தரக் குறியீட்டுக்காகக் கையூட்டுப் பெற்றதாக எழுந்த வழக்கில் நாக் ஆய்வுக் குழுவினரே மத்தியப் புலனாய்வுத் துறையால் கைது செய்யப்பட்டனர்.

அரசின் முத்திரை மட்டும்தான் கல்விக்கு மதிப்பளிக்குமா என்பது இரண்டாவது எதிர்வாதம். வரலாறு இதற்கு வலுச் சேர்க்கிறது. 1920-இல் காந்தியடிகள் அகமதாபாதில் நிறுவிய குஜராத் வித்யாபீடம், ஆங்கில அரசின் கல்வி முறையைப் புறக்கணிக்கும் நோக்கத்துடனேயே தோன்றியது. 1963-இல்தான் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1921-இல் தாகூர் தொடங்கிய விசுவபாரதி, 1951-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக மத்தியப் பல்கலைக்கழகம் ஆகும்வரை முப்பது ஆண்டுகள் அரசின் முத்திரையின்றியே புகழுடன் விளங்கியது. எனவே அங்கீகாரம் இன்மை தன்னளவில் ஒழுக்கக் குறைவாகாது. அந்நிறுவனங்களில் சேர்ந்தவர்கள், அரசுப் பணிக்கான கதவு தமக்கு அடைபடும் என்பதை அறிந்தே, சிலர் அதைப் பெருமையாகக் கருதியே சேர்ந்தனர். நிறுவனம் தன் நிலையை மறைக்கவில்லை. மாணவர் விரும்பி ஏற்றார். இன்றைய ஐயத்துக்குரிய நிறுவனங்களை அவற்றிலிருந்து பிரிக்கும் கோடு இந்த வெளிப்படைத் தன்மையே. தனக்கு இல்லாத உரிமையை உள்ளதாகக் காட்டிக் கட்டணம் பெறும் நிறுவனத்துக்கு, மாற்றுக் கல்வி என்ற பெயரைப் பயன்படுத்தும் தகுதி இல்லை.

இழப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை நோக்கும்போது அநீதி தெளிவாகத் தெரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, உரிமையின்றிப் பட்டம் வழங்குவோருக்கு விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 1,000 ரூபாய். மோசடிக்கான பொதுக் குற்றவியல் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர இடமுண்டு என்றாலும், கல்விச் சட்டமே தன் மீறலுக்கு வைத்த விலை, ஒரு மாணவரின் ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்துக்குக்கூட ஈடாகாது. மாணவர் இழப்பதோ, பணத்தோடு திரும்பக் கிடைக்காத இளமையின் ஆண்டுகளும், வயது வரம்பு கடந்துவிட்ட வேலை வாய்ப்புகளும், குடும்பத்தின் மதிப்பும் ஆகும்.

நீதிமன்றங்கள் இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிசெய்ய முயன்றுள்ளன. சத்தீஸ்கர் அரசு 2002-இல் இயற்றிய தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ், கட்டடமும் ஆசிரியரும் இல்லாதவை உட்பட எண்ணற்ற பல்கலைக்கழகங்கள் முளைத்தபோது, பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவரும் இயற்பியல் அறிஞருமான யஷ்பால் தொடுத்த வழக்கில், 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. அதே தீர்ப்பில், ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த மாணவர்களின் நலன் கருதி, அந்நிறுவனங்களை முறையான மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க நடவடிக்கை எடுக்கும்படியும் கூறியது. சேலத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலின்றித் தொலைநிலைக் கல்வி வழியே வழங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றிய வழக்கில், 2017 நவம்பர் 3 அன்று வந்த தீர்ப்பு இதைவிட நுட்பமானது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோருக்கு, பொறுப்புள்ள அமைப்புகளே பின்னர் ஒப்புதல் வழங்கிக் குழப்பியிருந்ததால், அவர்களுடைய பட்டங்களை நிறுத்திவைத்த நீதிமன்றம், தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வை எழுதித் தேறினால் பட்டத்தை மீட்டுக்கொள்ள வழி செய்தது. பின்னர் சேர்ந்தோரின் பட்டங்களை ரத்து செய்து, கட்டணத்தைத் திருப்பித் தரும்படி நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. இப்பட்டங்களைப் பெற்றவர்களில் பலர், பதவி உயர்வுக்குப் பட்டம் கட்டாயம் என்பதால் வேலை பார்த்துக்கொண்டே படித்த பட்டயப் பொறியாளர்கள்.

படித்ததை மெய்ப்பிக்க வாய்ப்பளிப்பதும், மெய்ப்பிக்காத பட்டத்தை ஏற்க மறுப்பதும் சேர்ந்த அந்த அணுகுமுறையே அறத்துக்கு மிக அருகில் நிற்கிறது. இரக்கத்தின் பெயரால் செல்லாத பட்டங்களை மொத்தமாக வரன்முறைப்படுத்தினால், அதன் விலையை நோயாளிகளும் பள்ளிக் குழந்தைகளும் கொடுக்க நேரிடும்; சட்டத்தின் பெயரால் அனைத்தையும் ரத்து செய்தால், உண்மையாக உழைத்தவரும் விலைக்கு வாங்கியவரும் ஒன்றாகிவிடுவர். நிறுவனத்தை நடத்தவிட்டுப் பார்த்திருந்த அரசுக்கு, மாணவரை மட்டும் தண்டிக்கும் தார்மிக உரிமை இல்லை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுவதோடு கடமை முடிந்ததாகக் கருதாமல், 1956-இன் அபராதத்தைத் திருத்துவதும், கட்டணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவதும், ஏமாந்தவருக்குத் தகுதித் தேர்வின் கதவைத் திறந்து வைப்பதும் அரசின் பொறுப்பாகும். பட்டம் தேவைப்படாத பணிக்கும் பட்டம் கேட்கும் பணி விதிகளை மறுபரிசீலனை செய்வது வேலை வழங்குவோரின் பொறுப்பு.

மாணவரிடமும் பெற்றோரிடமும் அறம் கேட்பது இரண்டே கடமைகள். பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்தின் சட்ட உரிமையையும் படிப்புக்கான ஒப்புதலையும் தனித்தனியே உரிய அமைப்பின் பட்டியலில் நேரடியாகச் சரிபார்க்க வேண்டும். ஏமாந்தது தெரியவந்தால், அதை மறைக்காமல் வெளிப்படுத்தி, அப்பட்டத்தின் துணையோடு பிறர் நம்பிக்கையைப் பெறுவதை அன்றே நிறுத்த வேண்டும். மிக அதிகமாக அறிந்தவர் மிக அதிகமான பழியை ஏற்பதே நீதி. அறியாதவர்மீது முழுப் பழியையும் சுமத்தும் இன்றைய நடைமுறை மாற்றப்பட வேண்டும்.