உடல் யாருக்கு உரியது?

உயிர் நீங்கிய உடல் யாருக்கு உரியது என்னும் வினா சமயவாதிகளுக்கும் சட்ட அறிஞர்களுக்கும் மாத்திரம் உரியதன்று. மருத்துவக் கல்வியின் வாயிலிலேயே அது நிற்கின்றது. மருத்துவ பீடத்திற் புகும் மாணவர் முதலிற் சந்திப்பது நோயாளியை அன்று. போமலின் நெடி கமழும் மண்டபத்தில், மேசைமீது கிடத்தப்பட்ட இறந்த மனிதர் ஒருவரையே. பெயர் சொல்லப்படாத அம்மனிதரிடமே அவர் தமது முதற் பாடத்தைக் கேட்கின்றார்.

அறிவு வளர வேண்டும், நோய் தீர வேண்டும், இறந்தவருக்கு நோவு இல்லை. ஆதலால் உடலை அறுத்துக் கற்பதிற் குற்றமில்லை என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. இவ்விடை எளிதானது. எளிதானது என்பதனாலேயே ஐயத்திற்குரியது. அதன் குறையை உணர்வதற்கு அலெக்சாந்திரியாவுக்கோ எடின்பரோவுக்கோ செல்ல வேண்டுவதில்லை. மட்டக்களப்பின் வடபாலுள்ள ஓட்டமாவடிக்குச் சென்றாற் போதும்.

பாலத்தினாலும் ஆற்றினாலும் முன்பு அறியப்பட்ட அவ்வூர் 2021இன் பின் ஒரு மையவாடியினால் நாடெங்கும் அறியப்பட்டது. கொவிட்-19 நோயினால் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டது. புதைத்தலும் எரித்தலும் இரண்டுமே ஏற்புடையன என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும் அவ்விதி மாறவில்லை. பிறந்து இருபது நாளே ஆன சிசு ஒன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் விதி தளர்த்தப்பட, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கிற்று. ஓராண்டளவில் அங்கு அடக்கப்பட்டோர் 3,600க்கும் அதிகம். அவர்களுட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எனினும் பிற சமயத்தவரும் அங்கே துயில்கின்றனர். கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோருவதென 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது.

இறந்தவர் எதையும் அறியார் என்னும் நியாயம் முழுமையானதாயின், அந்தப் பதினொரு மாதங்களில் எவருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை என்று கூற வேண்டிவரும். அவ்வாறு கூறத் துணிபவர் எவரும் இலர். ஆகவே, உடல் வெறும் பொருளாயின் அக்குடும்பங்களின் துயரம் அர்த்தமற்றதாகின்றது. உடல் தீண்டப்படலாகாத புனிதமாயின் மருத்துவக் கல்வியே இல்லாதொழிகின்றது. இவ்விரு முனைகளுக்கும் இடையிலேதான் விடையைத் தேட வேண்டும்.

வரலாறு இதில் நல்ல துணையாகும். ஆனால் பெருமைப்படத்தக்க துணையன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் சங்கிதை, சடலத்தைப் புல்லாற் சுற்றிக் கூண்டில் இட்டு ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்துப் பின் மெல்லத் தேய்த்து அடுக்கடுக்காகக் காணும் முறையை விவரிக்கின்றது. கண்ணாற் காணாதவன் சத்திர வைத்தியனாகான் என்பதே அதன் உட்கிடை. ஐரோப்பாவில் வெசேலியஸ் 1543இல் தம் பெருநூலை வெளியிட்டபோது கலேனின் பல தவறுகள் வெளிப்பட்டன. கலேன் குரங்கையும் பன்றியையும் அறுத்து மனிதனைப் பற்றி எழுதியிருந்தார். இவ்வளவும் புகழ்க்கதை. அதன் மறுபுறம் வேறு. இங்கிலாந்தில் 1752இன் சட்டம் கொலையாளியின் உடலை அறுத்தலைத் தண்டனையின் ஒரு பகுதியாக்கிற்று. உடல்கள் போதாமையாற் கல்லறைகள் தோண்டப்பட்டன. 1828இல் எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை றொபேட் நொக்ஸ் என்னும் ஆசிரியருக்கு விற்றனர். இதற்குப் பரிகாரமாக வந்த 1832ஆம் ஆண்டுச் சட்டமோ, உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டது. கொலை நின்றது, ஆனால் வறுமை குற்றத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நேற்றுவரை கொலையாளிக்கு விதிக்கப்பட்ட தண்டனை இன்று அநாதைக்கு விதியாயிற்று என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இது அந்நிய நாட்டுச் செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. அச்சட்டத்தின் நிழலிலேதான் 1858இல் ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் உருவாயிற்று. கிறேயின் நூலையும் வேறு சிலவற்றையும் தழுவி, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் தமிழ் நூலை வெளியிட்டார். தாய்மொழியில் மருத்துவம் கற்பிக்கலாம் என்று செய்து காட்டிய அவ்வறிஞருக்குத் தமிழுலகம் பட்ட கடன் பெரிது. ஆயினும் அக்கடனின் அடியில் இன்னொரு கடனும் உண்டு. என்பையும் நரம்பையும் தமிழிற் பெயரிட்ட அந்நூலுக்குப் பின்னால், இலண்டன் மாநகரில் உரிமை கோருவாரின்றி இறந்த ஏழைகள் நிற்கின்றனர். அறிவு மொழிபெயர்க்கப்படும்போது அதன் கடன் மொழிபெயர்க்கப்படுவதில்லை.

இதற்கு மாறான ஒரு சான்றும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அல்-நபீஸ், சமய விதியும் தம் உள்ளத்து இரக்கமும் தடுத்தமையால் உடலை அறுத்தலைத் தவிர்த்ததாகக் கூறியவர். அவரே இதயத்தின் இடைச்சுவரிற் குருதி செல்லத் துவாரம் இல்லையென மறுத்து, அது நுரையீரல் வழியே செல்கின்றதென நிறுவினார். கலேனின் கருத்து அங்கே வீழ்ந்தது. தயக்கமுடையவன் அறிவிலி ஆகான் என்பதற்கு இது சான்று. தயக்கமே போதும் என்பதற்கு இது சான்றாகாது. அவருக்கு முன்னோர் கண்டறிந்து எழுதிவைத்தவற்றின் மேல் நின்றே அவர் சிந்தித்தார்.

பரீட்சை இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. மேசைகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பு. நூல் கட்டிய ஒரு நரம்பு அல்லது ஊசி குத்திய ஒரு தசை. அருகில் ஓர் இலக்கம். மணி ஒலித்ததும் மாணவர் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். புய நரம்புப் பின்னலின் கிளைகளை இரவிரவாக மனனஞ் செய்தவருக்கு அக்கையின் உரிமையாளரை எண்ண நேரமில்லை. எண்ணினால் விடை தவறும். ஓரளவு மறதி இத்தொழிலுக்கு வேண்டியதே. அழுதுகொண்டே கத்தி பிடிக்க இயலாது. ஆனால் மறத்தல் வேறு, மறக்கப் பழகுதல் வேறு. வியன்னாவில் ஏடுவர்ட் பேர்ன்கொப் வரைவித்த உடற்கூற்றுப் படநூலின் அழகை உலக மருத்துவர்கள் பல தசாப்தங்கள் வியந்தனர். அவ்வுடல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கப்படவில்லை. வியன்னாப் பல்கலைக்கழகத்தின் விசாரணை 1998இல் வெளிவந்தபோதுதான், நாஸி ஆட்சியிற் கொல்லப்பட்ட 1,300க்கும் மேற்பட்டோரின் உடல்கள் அந்நிறுவனத்துக்குச் சென்றமை தெளிவாயிற்று. அப்படநூலைப் படித்துப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் தீயவர் அல்லர். கேளாதவர்கள், அவ்வளவே.

ஆகவே வேறுபாடு உடலில் இல்லை. அது எவ்வாறு வந்தது என்பதில் உள்ளது. ஒருவர் உயிரோடிருக்கும்போது மனமொப்பித் தந்த உடல் கொடை. கேட்க ஆளில்லை என்பதற்காக எடுக்கப்பட்டது கவர்வு. கத்தி இரண்டிலும் ஒன்றே. கற்கும் பாடமும் ஒன்றே. செயல் மாத்திரம் வேறு. உடலைத் தம் விருப்பப்படி விட்டுச்செல்லும் உரிமை உயிருள்ள மனிதருடையது. அவர் இறந்த பின்னும் அவர் சொல் நிற்கின்றது. ஓட்டமாவடியில் அடங்கியோரின் விருப்பமும், மருத்துவ பீடத்துக்குத் தம்மை எழுதிவைத்தவரின் விருப்பமும் ஒரே அறத்தின் இரு முகங்கள். முன்னையதை மிதிப்போர் பின்னையதையும் மதிப்பதாகக் கூற இயலாது.

இங்கே ஒரு நெருடல் எஞ்சுகின்றது. அதனை மறைப்பது நேர்மையன்று. ஓட்டமாவடி போன்ற ஊர்களிலிருந்தும் ஆண்டுதோறும் பிள்ளைகள் மருத்துவம் கற்கச் செல்கின்றனர். விரைந்து நல்லடக்கம் செய்தலைக் கடமையாகக் கொள்ளும் சமூகத்திலே உடலைக் கல்விக்கு அளிப்போர் அரியர். தேவை கருதி உடலறுத்துக் கற்றலை அனுமதித்த உலமாக்கள் பல நாடுகளில் உண்டெனினும், வழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதன்று. அவ்வாறாயின் தாம் தராததைப் பிறரிடம் பெறுதல் முறையோ? முறையன்று என்று ஒரே சொல்லிற் கூறுவோர் கொடையை வாணிகமாகக் கருதுகின்றனர். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் பாகிஸ்தானுக்குப் பல்லாயிரம் விழிவெண்படலங்களை அனுப்பிற்று. அளித்தோருட் பெரும்பாலோர் பௌத்தர். பெற்றோருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பதிலுக்கு விழி தருக என்று எவரும் கேட்கவில்லை.

கேட்கப்படாமையாற் கடன் தீர்ந்துவிடுவதில்லை. அது வேறு வடிவெடுக்கின்றது. தன் சமூகம் தராத உடலிற் கற்ற மருத்துவர், பிற்காலத்திலே தம்மிடம் வரும் எச்சமூகத்தவரின் உடலையும், அவர் உயிரோடிருப்பினும் இறந்திருப்பினும், அவர் விரும்பியவாறு நடத்தக் கடமைப்பட்டவராகின்றார். 2020இல் எரித்தல் ஒன்றே வழி என்று கூறிய குழுக்களில் மருத்துவம் கற்றோரும் இருந்தனர். அவர்களும் ஒரு காலத்தில் மேசைக்கு மேசை நகர்ந்து, ஒவ்வொரு நரம்பின் பெயரையும் பிழையின்றி எழுதியவர்களே.